யாருடைய சராசரி? செட்டிநாட்டுச் சாலையில் வாகன வலையமைப்பை மாடல் செய்வது பற்றி

காரைக்குடியில் முதுகலைப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர், வண்டிகள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் வலையமைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, வண்டிக்கு வண்டி கடத்த வழி தேடும் ரவுட்டிங் புரோட்டோகால்களான ஏஓடிவி, டிஎஸ்ஆர், ஓஎல்எஸ்ஆர் மூன்றையும் என்எஸ்-3 சிமுலேட்டரில் ஓட்டினேன். 1000 மீட்டருக்கு 1000 மீட்டர் சதுரம், 50 வண்டிகள், ரேண்டம் வேபாயின்ட் நகர்வு, 250 மீட்டர் ரேஞ்ச், சிக்னலுக்கு டூ-ரே கிரவுண்ட் மாடல். ஏஓடிவியில் 94 சதவீத பாக்கெட்டுகள் போய்ச் சேர்கின்றன. ரிவ்யூவுக்கு வந்தவர் 'இது தேவகோட்டை ரோட்டுக்குப் பொருந்துமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கணித மாடல் போடுவதா, சிமுலேஷனைத் திருத்துவதா? எங்கிருந்து ஆரம்பிக்கணும் அண்ணே?"

பொருந்தாது, தம்பி. அதற்காக ஏஓடிவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் 94-க்குள் மூன்று சராசரிகள் ஒளிந்திருக்கின்றன: வண்டிகளின் வேகம், வண்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, பாக்கெட் தொலையும் விதம். மூன்றும் யாருடைய சராசரி, எங்கே நின்று பார்த்த சராசரி என்று நீங்கள் கேட்கவில்லை. ரிவ்யூவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். கணிதமா சிமுலேஷனா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி. முதலில் பேப்பரும் பேனாவும் போதும்.

வேகத்தில் ஆரம்பிப்போம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் நாட்களை நினைத்துப் பாருங்கள். சாலையோரம் எப்போது பார்த்தாலும் நடப்பவர்கள்தான் தெரிவார்கள். அதே நாட்களில் காரில் பழநி போகிறவர்களும் நிறையப் பேர். ஆனால் கார்க்காரர் சில மணி நேரத்தில் சாலையைக் காலி செய்துவிடுகிறார். நடப்பவர் பல நாள் சாலையிலேயே இருக்கிறார். எந்த நொடியில் படம் எடுத்தாலும் மெதுவாகப் போகிறவரே படத்தில் அதிகம் விழுவார். பயணங்களை எண்ணிச் சராசரி எடுத்தால் ஒரு வேகம் வரும், சாலையில் நின்று எடுத்தால் வேறொரு வேகம் வரும்.

ரேண்டம் வேபாயின்ட்டில் நடப்பதும் இதுவேதான். 1996-ல் ஜான்சனும் மால்ட்ஸும் டிஎஸ்ஆர் பற்றி எழுதியபோது பயன்படுத்திய நகர்வு மாடல் அது. முனை, அதாவது வலையமைப்பில் உள்ள ஒரு வண்டி, ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கும், ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கும், போய்ச் சேரும், கொஞ்சம் நிற்கும், மறுபடி தேர்ந்தெடுக்கும். மணிக்கு 5 முதல் 60 கி.மீ. வரை சமவாய்ப்பில் வேகம் கொடுத்தால் சராசரி 32.5 என்று எழுதிவிடுவோம். சிமுலேஷன் நிலைபெற்ற பிறகு அளந்தால் அது வராது. அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, இரண்டின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுக்க வேண்டும். 55-ஐ 12-இன் மடக்கையான 2.485-ஆல் வகுத்தால் 22.1 கி.மீ. மூன்றில் ஒரு பங்கு வேகம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறது. குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யம் என்று விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சிமுலேஷன் ஓட ஓடச் சராசரி வேகம் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். 2003-ல் யூன், லியூ, நோபல் மூவரும் இதைக் கணிதமாகவே காட்டிவிட்டார்கள்.

இது தெரியாத காலத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு ரவுட்டிங் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். 15 நிமிடம் ஓட்டினால் ஒரு முடிவு, ஒரு மணி நேரம் ஓட்டினால் அதைவிட நல்ல முடிவு. புரோட்டோகால் போகப் போகச் சூழலைக் கற்றுக்கொள்கிறது என்று ஸ்லைடே போட்டுவிட்டேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாக எழுந்து, "குறைந்தபட்ச வேகம் எவ்வளவு?" என்றார். பூஜ்யம். புரோட்டோகால் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வண்டிகள்தான் ஒவ்வொன்றாக நடுரோட்டில் படுத்துக்கொண்டிருந்தன. நிற்கிற வண்டிக்குப் பாக்கெட் அனுப்ப எந்தப் புரோட்டோகாலுக்கும் கஷ்டமில்லை.

இனி இடைவெளி. உங்கள் சதுரத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 வண்டிகள், ரேஞ்ச் 250 மீட்டர். ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சராசரியாகப் பத்து அண்டை வண்டிகள். அதோடு ரேண்டம் வேபாயின்ட்டில் முனைகள் சதுரத்தின் நடுவில் கூடும், ஏனென்றால் குறுக்கே போகும் பாதைகளில் பெரும்பாலானவை மையத்துக்குப் பக்கத்தில்தான் போகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் 94 வராவிட்டால்தான் ஆச்சரியம்.

தேவகோட்டை ரோடு சதுரமில்லை, ஒரு கோடு. அதில் 10 கி.மீ. நீளத்தை எடுத்துக்கொள்வோம். அதே 50 வண்டிகள், ரேஞ்சைக் கொஞ்சம் தாராளமாக 300 மீட்டர் என்று வைப்போம். வண்டிகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்றால் இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலில் அமையும், அதாவது சின்ன இடைவெளிகள் நிறைய, நீளமானவை போகப் போகக் குறைவு. கிலோமீட்டருக்கு 5 வண்டி என்பதால் 300 மீட்டருக்கு எதிர்பார்ப்பது 1.5 வண்டி. ஓர் இடைவெளி 300 மீட்டரைத் தாண்டும் நிகழ்தகவு 0.223. ஐந்தில் ஒரு இடைவெளிக்கும் மேல் அறுந்திருக்கிறது. 49 இடைவெளிகளும் ஒரே நேரத்தில் அறாமல் இருக்க வேண்டுமானால் 0.777-ஐ 49 தடவை பெருக்க வேண்டும். விடை, பத்து லட்சத்தில் நான்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சங்கிலியாகப் பாக்கெட் போவது அநேகமாக நடக்காது. சாலை, சராசரியாக நாலரை வண்டி கொண்ட சின்னச் சின்னத் தீவுகளாக உடைந்து கிடக்கும்.

வண்டிகளைக் கூட்டிப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 20 என்றால் முழுச் சங்கிலி இணைந்திருக்கும் நிகழ்தகவு சுமார் 0.61. 30 என்றால் 0.96. ஐந்தில் ஒன்றுமில்லை, இருபதில் பாதிக்கு மேல், முப்பதில் கிட்டத்தட்ட முழுசு. இடையில் உள்ள ஏற்றம் செங்குத்தானது. அதனால் "சராசரி அடர்த்தி 15" என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சாலையின் நடத்தையைச் சொல்ல முடியாது. காலை ஒன்பது மணியும் மதியம் இரண்டு மணியும் இரண்டு வேறு வலையமைப்புகள்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வண்டிகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்று சொன்னேன் அல்லவா, வழியில் ஒரு ரயில்வே கேட் மூடினால் அது போச்சு. பஸ், டிராக்டர், மினி லாரி, நூறு பைக் எல்லாம் கேட்டுக்கு முன்னால் அடைந்து நிற்கும். பாதிப் பேர் எதிர்ப்பக்கத்து வரிசையிலும் வண்டியை நுழைத்து நிற்பார்கள், அது நம் ஊர் வழக்கம். கேட் திறந்ததும் ஒரே கும்பலாகக் கிளம்பும். அந்த 50 வண்டிகளும் பத்துப் பத்தாக ஐந்து கும்பலாகப் போவதாக வைத்தால், கும்பலுக்குள் எல்லோரும் எல்லோருடனும் இணைந்திருப்பார்கள். கும்பலுக்கும் கும்பலுக்கும் நடுவில் வெறும் ரோடு. சராசரி அடர்த்தி அதே 5-தான். ஆனால் தீவின் அளவு நாலரையிலிருந்து பத்தாகிவிட்டது. சிமுலேட்டரில் பாய்சான் வரவை, அதாவது ஒன்றையொன்று சாராத வரவை வைத்தால் இந்தக் கும்பல் ஒருநாளும் வராது.

நம் சாலைக்கு சுமோ என்ற போக்குவரத்து சிமுலேட்டர் பொருத்தமான கருவி. ஜெர்மன் விண்வெளி மையத்தில் 2001-லிருந்து வளர்ந்து வரும் இலவச மென்பொருள் அது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் இயல்பான ஓட்டுநர் ஒழுங்காக லேனுக்குள் போகிறவர். ஒரு லேனைப் பல கீற்றுகளாகப் பிரிக்கும் சப்லேன் வசதியை இயக்கி, இருசக்கர வாகனங்களைப் பக்கவாட்டில் நகரவிட்டால்தான் காரைக்குடி கொஞ்சமாவது தெரியும். கேட்டுக்கு ஒரு சிக்னலைப் போட்டு, நீண்ட நேரம் சிவப்பில் வையுங்கள்.

இப்போது டூ-ரே. இதில் பலர் ஏமாறுகிறார்கள். தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துக் கணக்கிடும் மாடல் என்பதால் நிஜத்துக்கு நெருக்கம் என்று நினைக்கிறோம். ஆனால் சிமுலேட்டர்களில் உள்ள எளிய வடிவம் ஒரு குறிப்பிட்ட தூரம் வரை ஃப்ரீஸ் என்பவரின் வெட்டவெளிச் சூத்திரத்தையே பயன்படுத்துகிறது. அந்தத் தூரத்துக்கு அப்பால்தான் டூ-ரே. 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த எல்லை 557 மீட்டர். உங்கள் ரேஞ்சோ 250. ஆகவே அறிக்கையில் டூ-ரே என்று எழுதியிருந்தாலும் உங்கள் சிமுலேட்டர் அதைத் தொடவே இல்லை. நீங்கள் சோதித்தது மரம், சுவர், பஸ் எதுவுமில்லாத பொட்டல்வெளி.

தேவகோட்டை ரோட்டில் அதை வைத்து ஓரளவு தள்ளிவிடலாம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ முடியாது. நம் ஊர்த் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேர்நேராக ஓடுகின்றன. வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் கொல்லை வாசலாக முடிகின்றன. பக்கத்துத் தெருவில் வரும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது ஒரு முழு வீடு, அதுவும் கனத்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாக. 5 சென்டிமீட்டர் அலை மூலையில் வளைந்து வருவதில் கெட்டிக்காரன் இல்லை.

இதற்கு 2011-ல் ஜெர்மனியில் சோமரும் மற்றவர்களும் ஓர் எளிய தடை மாடல் கொடுத்தார்கள், வாகன வலையமைப்புக்கான வீன்ஸ் சிமுலேட்டரில் இருக்கிறது. சிக்னல் குறுக்கே போகும் ஒவ்வொரு வெளிச்சுவருக்கும் இத்தனை டெசிபல், கட்டடத்துக்குள் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் இத்தனை டெசிபல் என்று கழிப்பதுதான் அதன் முறை. எடுத்துக்காட்டு அமைப்பில் சுவருக்கு 9, மீட்டருக்கு 0.4 என்று வைப்பது வழக்கம். 50 மீட்டர் நீள வீட்டுக்குப் போட்டால் இரண்டு சுவருக்கு 18, உள்ளே 20, மொத்தம் 38 டெசிபல். 100 மீட்டரில் வெட்டவெளி இழப்பே 88 டெசிபல் இருக்கிறது, அதோடு இது. ஆனால் அந்த எண்கள் ஜெர்மன் வீடுகளுக்கு. நம் வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது, அங்கே மீட்டர் கணக்கு மிகையாகும். உள்ளே கட்டுக்குக் கட்டு நிற்கும் குறுக்குச் சுவர்களை அந்த மாடல் தனியாக எண்ணாது, அங்கே கணக்கு குறையாகும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும் என்று நம்பிக்கை வைக்காதீர்கள். இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்துவிடுங்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், தெருவும் அமைதியாக இருக்கும். வாட்ச்மேனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தெருமுனையில் ஆன்டெனாவோடு நிற்கும் ஆளை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

சுவருக்கு அடுத்து மோதல், அதாவது இரண்டு பாக்கெட் ஒரே நேரத்தில் காற்றில் வந்து ஒன்றையொன்று கெடுப்பது. இங்கேதான் கணித மாடல் நிஜமாகக் கைகொடுக்கும், தப்பாகப் போட்டால் காலையும் வாரும். வாகனங்களுக்கான வைஃபையான 802.11பி (ஆங்கில எழுத்து p, b அல்ல) 2010-ல் தரமாக வந்தது. 10 மெகாஹெர்ட்ஸ் சேனல், பெரும்பாலும் 6 மெகாபிட் வேகம். ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசையை நொடிக்குப் பத்து தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறது. இதை பீக்கன் என்கிறோம். 300 பைட் பீக்கன் காற்றில் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுவது எளிது. முகப்புப் பகுதிக்கு 40 மைக்ரோ விநாடி, தரவுக்குத் தலா 8 மைக்ரோ விநாடி எடுக்கும் 51 குறியீடுகள், ஆக 448 மைக்ரோ விநாடி. ஒரு வண்டி நொடிக்கு நாலரை மில்லி விநாடி பேசுகிறது. 20 வண்டி பேசினால் சேனல் 9 சதவீதம் நிரம்பும். 200 வண்டி என்றால் 90, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இடமே இல்லை. பீக்கன் எண்ணிக்கையையும் சக்தியையும் குறைக்கும் நெரிசல் கட்டுப்பாடு ஐரோப்பியத் தரத்தில் தனியாக வைக்கப்பட்டது இதனால்தான்.

மோதலைக் கணக்கிட மாணவர்கள் எல்லோரும் உடனே பியாங்கி மாடலை எடுப்பார்கள். ஜூசெப்பே பியாங்கி 2000-ல் கொடுத்த மார்க்கோவ் சங்கிலி, அதாவது நிலைக்கு நிலை தாவும் நிகழ்தகவுக் கணக்கு அது. வைஃபை பற்றிய கணிதத்தில் அதைவிட அழகான வேலை குறைவு. ஆனால் அதன் வாசலிலேயே மூன்று நிபந்தனைகள் எழுதியிருக்கின்றன: ஒவ்வொருவரிடமும் அனுப்ப எப்போதும் ஒரு பாக்கெட் தயாராக இருக்க வேண்டும், எல்லோரும் எல்லோரையும் கேட்க வேண்டும், முன்பு எத்தனை முறை மோதியிருந்தாலும் அடுத்து மோதும் வாய்ப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். பீக்கன் ஒளிபரப்பு. அதற்குப் பெற்றுக்கொண்டேன் என்ற பதில் இல்லை, மறுபடி அனுப்புவதில்லை, அனுப்புமுன் அதிகபட்சம் எத்தனை துளி நேரம் காத்திருப்பது என்ற காத்திருப்புச் சாளரம் இரட்டிப்பாவதும் இல்லை. சாளரம் 16 என்றால் ஒரு துளி நேரத்தில் ஒரு வண்டி அனுப்பும் வாய்ப்பு 2-ஐ 17-ஆல் வகுத்தது, அதாவது 0.118. 20 வண்டிக்குப் போட்டால் ஒரு பீக்கன் மோதும் வாய்ப்பு 91 சதவீதம் என்று வரும். கொஞ்சம் முன்னால் பார்த்தோம், அதே 20 வண்டி உள்ள சேனல் 91 சதவீத நேரம் காலியாகக் கிடக்கிறது. எண் ஒன்றுதான், அர்த்தம் தலைகீழ். "எப்போதும் பாக்கெட் தயார்" என்ற நிபந்தனையைப் படிக்காமல் சூத்திரத்தை மட்டும் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

நம் தெருமுனைக்குப் பொருத்தமான மாடல் பியாங்கியைவிடப் பழையது. நார்மன் ஆப்ரம்சன் 1970-ல் ஹவாய்த் தீவுகளை ரேடியோவில் இணைக்க அலோஹாவை உருவாக்கினார். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அவரவர் தோன்றியபோது அனுப்புவார். கானாடுகாத்தானில் குறுக்குத் தெருக்களில் வரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு வீடு நிற்கும்போது நிலைமை அச்சாக அதுதான். ஒருவர் அனுப்புவது மற்றவருக்குக் கேட்காததால் 802.11பி சொல்லும் "கேட்டுவிட்டு அனுப்பு" என்ற ஒழுங்குக்கு அர்த்தமில்லை. முச்சந்தியில் நிற்கும் மூன்றாவது வண்டிக்கு இரண்டும் சேர்ந்து கேட்டு, எதுவும் புரியாது. அலோஹாவில் ஒரு பாக்கெட் தப்பிக்க, அதற்கு முன் ஒரு பாக்கெட் நேரமும் பின் ஒரு பாக்கெட் நேரமும் யாரும் வாய் திறக்கக்கூடாது. மறைந்திருக்கும் வண்டி 20 என்றால் பீக்கன் தப்பும் வாய்ப்பு 84 சதவீதம். 50 என்றால் 64. ஒரு கல்யாண நாளில் தெரு முழுக்க வண்டி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

64 சதவீதம் மோசமில்லையே என்று தோன்றும். இங்கே மூன்றாவது சராசரி வருகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் முச்சந்தியை நெருங்கும் பைக் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. கவனிக்க ஒரு நொடி, பிரேக் பிடித்து நிற்க இன்னும் 12 மீட்டர், மொத்தம் சுமார் 23 மீட்டர். அதனால் முனைக்கு 50 மீட்டர் முன்னாலிருந்து 25 மீட்டர் வரை உள்ள இரண்டேகால் நொடிக்குள் எதிர்த்தெரு வண்டியின் ஒரு பீக்கனாவது கேட்டாக வேண்டும். அந்த நேரத்தில் 22 பீக்கன் வரும். ஒவ்வொன்றும் பாதி வாய்ப்பில் தொலைந்தாலும், தனித்தனியாகத் தொலைந்தால் 22-ம் ஒன்றாகத் தொலைவது நாற்பது லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. ஆனால் அவை தனித்தனியாகத் தொலைவதில்லை. சுவர் மறைத்தால் 22-ம் மறையும். இரண்டு வண்டிகளின் 100 மில்லி விநாடிக் கடிகாரமும் ஒரே தாளத்தில் ஓடினால் இந்த முறை மோதியது அடுத்த முறையும் மோதும், அதற்கடுத்த முறையும் மோதும். பீக்கன் நேரத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுவது அதற்காகத்தான்.

செல்பேசி வழி வந்த வாகனத் தொடர்பிலும் இதே தலைவலி வேறு உருவத்தில் இருக்கிறது. செல்பேசித் தரங்களை வகுக்கும் மூன்றாம் தலைமுறைக் கூட்டமைப்பின் (3ஜிபிபி) 2017-ல் நிறைவேறிய 14-ஆவது வெளியீட்டில், கோபுரம் இல்லாமல் வண்டிகளே இடம் பிடிக்கும் முறை வந்தது. ஒரு வண்டி சேனலில் ஓர் இடத்தைப் பிடித்தால், நொடிக்குப் பத்து பீக்கன் என்ற கணக்கில், 5 முதல் 15 பீக்கன் வரை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகும் 80 சதவீதம் வரை வாய்ப்பில் இடத்தை மாற்றாமலே தொடரலாம். இரண்டு வண்டி ஒரே இடத்தைப் பிடித்துவிட்டால், ஒரு நொடிக்கும் மேலாகக்கூட இருவரும் சேர்ந்து ஊமையாக இருக்கலாம். சராசரி விநியோக விகிதம் 95 என்று அழகாக வரும். அந்த மீதி 5 யார் தலையில் சேர்ந்து விழுந்தது என்று சராசரி சொல்லாது. அதனால் வாகன வலையமைப்பில் விகிதத்தோடு சேர்த்து, ஒரு வண்டியிடமிருந்து அடுத்தடுத்து கிடைத்த இரண்டு பீக்கன்களுக்கு நடுவிலுள்ள நேரத்தின் பரவலையும் வரையுங்கள். அதன் வால்தான், அதாவது அரிதாக வரும் நீண்ட மௌனங்கள்தான் முக்கியம்.

ரவுட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே உள்ளது எல்லாம் சரியானால் அங்கே விடை தானாக விழும். 60 கி.மீ. வேகத்தில் எதிரெதிராகப் போகும் இரண்டு வண்டிகள் 300 மீட்டர் ரேஞ்சில் மொத்தம் 18 நொடி சந்தித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட ஐந்து இணைப்புகளைக் கோர்த்து ஒரு பாதை அமைத்தால், ஏதாவது ஒன்று அறுவதற்குச் சராசரியாக 3 நொடிதான் ஆகும். இது தோராயக் கணக்கு, இணைப்புகள் சாராதவை என்று வைத்துப் போட்டது. ஏஓடிவியின் தரக்குறிப்பில், 'நான் இருக்கிறேன்' என்று அண்டை வண்டிக்குச் சொல்லும் ஹலோ செய்தி நொடிக்கு ஒன்று, இரண்டு ஹலோ வராவிட்டால்தான் இணைப்பு போனது என்று முடிவு. பாதை 3 நொடி வாழ்கிறது, அது செத்த செய்தி தெரிய 2 நொடி. 2003-ல் அந்தத் தரத்தை எழுதியவர்கள் மைதானத்தில் நடமாடும் லேப்டாப்களை மனதில் வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஹலோ ஒளிபரப்பாக மெதுவான வேகத்தில் போவதால் தரவைவிடத் தூரம் எட்டும். ஹலோ கேட்கிறது, தரவு போகவில்லை. 2002-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆட்கள் இதற்குச் சாம்பல் மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். சிமுலேட்டரில் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே வட்டம் என்று வைத்தால் இது தெரியவே தெரியாது.

அப்படியானால் மதியம் இரண்டு மணி தேவகோட்டை ரோட்டுக்கு என்ன வழி? நம் ஊரில் மருந்து பாட்டிலைக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பி, அந்தப் பக்கம் ஆள் வந்து வாங்கிக்கொள்வதில்லையா, அதேதான். பாக்கெட்டை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். நகர்வு வலையமைப்பின் எதிரி இல்லை என்பதை 2001-ல் கிராஸ்கிளாசரும் டேவிட் ட்சேயும் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம் குப்தாவும் குமாரும், நகராத முனைகள் கூடக் கூட ஆளுக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கும் என்று நிறுவியிருந்தார்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொண்டால், சுமந்து போய்க் கொடுப்பது அந்தச் சுருக்கத்தைத் தாண்டிவிடும். கர்நாடகத்தில் டாக்நெட் என்ற முயற்சியில் பஸ்ஸில் வைஃபை பெட்டி வைத்து கிராமத்துத் தரவைச் சுமந்திருக்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: நிலையத்தில் பஸ் ஐந்து நிமிடம் நின்றால், 6 மெகாபிட்டில் பாதிதான் பயன்படும் என்று வைத்தாலும், நூறு மெகாபைட்டுக்கு மேல் ஏறிவிடும்.

தாமதத்தைக் கணக்கிடும்போது மட்டும் குன்றக்குடிக் காவடி மறுபடி வரும். அரைமணிக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் என்று எழுதாதீர்கள். கேட்டில் மாட்டி, 10 நிமிடம், 50 நிமிடம், 10, 50 என்று மாறி மாறி வந்தால், சராசரி இடைவெளி அதே 30-தான், ஆனால் பாக்கெட் காத்திருக்கும் சராசரி 21.7 நிமிடம். நீண்ட இடைவெளிக்குள் வந்து விழும் பாக்கெட்டுகள் அதிகம், அதனால். பஸ் நிலையத்தில் நிற்பவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை.

இனி உங்கள் அறிக்கை. சதுரத்தைத் தூக்கி எறிய வேண்டாம், முதல் அத்தியாயத்தில் "நகர்வு மாடல் எப்படி ஏமாற்றும்" என்று அதையே எடுத்துக்காட்டாக வைத்துவிடுங்கள். இரண்டாவது அத்தியாயத்தில் மேலே நான் போட்ட கோட்டுக் கணக்கு, கையால். மூன்றாவதில் சுமோ நகர்வும் என்எஸ்-3-யும். கையால் போட்ட கணக்கின் நிபந்தனைகளையே சிமுலேட்டருக்கும் கொடுத்து, பாய்சான் வரவு, தடையில்லாத வெளி, நிலையான ரேஞ்ச் என்று முதலில் ஓட்டுங்கள். நாலரை வண்டித் தீவு வருகிறதா பாருங்கள். வராவிட்டால் உங்கள் நிரலில் பிழை. வந்தால், அதற்கப்புறம் ஒன்றொன்றாக கேட்டையும் சுவரையும் பஸ்ஸையும் சேருங்கள். எது முடிவை எவ்வளவு நகர்த்துகிறது என்று தனித்தனியாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு அமைப்பையும் ரேண்டம் எண்களுக்கான குறைந்தது பத்து வெவ்வேறு தொடக்க எண்ணோடு ஓட்டி, 95 சதவீத நம்பிக்கை இடைவெளியோடு எழுதுங்கள். ஆரம்பத்துச் சில நிமிடங்களை வெட்டி எறியுங்கள். சிமுலேட்டரின் பதிப்பு எண், எல்லா அளவுருக்கள், மாற்றாமல் விட்ட அளவுருக்கள் உட்பட, பின்னிணைப்பில் வையுங்கள். 2005-ல் குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ரோசோ மூவரும் இவ்வகை வலையமைப்புகளுக்கான மோபிஹாக் மாநாட்டுக் கட்டுரைகளை அலசினார்கள். அவற்றில் மறுபடி செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. அது உலகின் நல்ல மாநாடுகளில் ஒன்று. அதனால் ரிவ்யூவர் மேல் கோபப்படாதீர்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு தேவகோட்டை ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருங்கள். ஒரு பக்கமாகப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தட்டு, ஒரு மணி நேரம். பைக்கையும் பஸ்ஸையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கேட் மூடியிருந்த நேரத்தையும். அந்த இடைவெளிகளை வரைந்து எனக்கு அனுப்புங்கள். அடுக்குக்குறிக் கோட்டிலிருந்து அது எங்கே விலகுகிறது என்று பார்த்துவிட்டு, சுமோவில் வரவை எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன்.